கிரெடிட் கார்டு பில்லைத் தேதிக்குக் கட்டியும் சிபில் ஸ்கோர் ஏறவில்லையா? உங்கள் கார்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்:
வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருந்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “ஸ்கோர் 724. கடன் கிடைக்கும் சார், ஆனா 750-க்கு மேல இருந்தா வட்டி குறையும்” என்றார். எனக்குப் புரியவில்லை. ஒரு பில்லுக்குக்கூடத் தேதி தவறியதில்லை, கட்டுவதும் முழுத் தொகை.

நம் கடன் கணக்குகளைப் பதிந்து ஸ்கோர் போடும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன் (வருடத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசம்). லிமிட் 60,000, பாக்கி என்ற இடத்தில் 52,400. மளிகை, பெட்ரோல், பையனின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அந்த ஒரே கார்டில்தான் போகிறது. பில் வந்ததும் கட்டாமல் கடைசித் தேதி வரை வைத்திருப்பேன். அதற்குள் வங்கி பாக்கியை சிபிலுக்கு அனுப்பிவிடும். நான் கட்டி முடிக்கும்போது அடுத்த மாதச் செலவு ஏறி நிற்கும். அறிக்கையைப் படிப்பவருக்கு நான் எப்போதும் லிமிட்டில் 87 சதவீதத்தைக் கடனாக வைத்திருக்கும் ஆள்.

இப்போது பில் போடுவதற்கு நாலு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுகிறேன். செலவு குறையவில்லை, ஆனால் பில்லில் ஏழெட்டாயிரம்தான் வருகிறது. சில மாதத்தில் ஸ்கோர் 768 ஆனது.

மலைக்கோட்டை:
அண்ணா, உங்களுடையது சுகமான பிரச்சினை! என் தங்கை வீட்டில் 80,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் (பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மினிமம் கட்டினால் ‘லேட்’ என்று பதியாது, அதனால் எல்லாம் சரி என்ற நினைப்பு. மாதம் 3.5 சதவீத வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 4,000 கட்டினால் 3,300 அதற்கே போய்விடும். போதாததற்கு, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற காய்கறிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

கடைசியில் வளையலை வங்கியில் வைத்து நகைக்கடன் எடுத்துக் கார்டை ஒரே அடியாக அடைத்தோம். கார்டு வட்டி வருடத்துக்கு 42 சதவீதம். நகைக்கடனுக்கு அதில் கால்வாசிகூட வரவில்லை. நகையை வைக்கத் தங்கைக்கு மனசே இல்லை, அது தனிக் கதை. கார்டு பாக்கி பூஜ்யமானதும் ஸ்கோரும் மெல்ல ஏறத் தொடங்கியது.

கணக்குப்பிள்ளை:
கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பாக்கி லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு, சட்டம் அல்ல. நான் அடிக்கடி பார்ப்பது, கடன் கேட்கப் போகும் நேரத்தில் ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று பழைய கார்டை மூடுகிறவர்களை. இரண்டு கார்டில் சேர்த்து லிமிட் இரண்டு லட்சம், பாக்கி 50,000 என்றால் 25 சதவீதம். ஒரு லட்சம் லிமிட் உள்ள சும்மா கிடக்கும் கார்டை மூடினால் அதே பாக்கி 50 சதவீதம் ஆகிவிடும். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இரண்டு தடவையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதனால் பாக்கியைக் குறைத்த பலன் முன்னைவிடச் சீக்கிரம் தெரியும்.

மலைக்கோட்டை:
சார், ஆட்டோ டெபிட் (பில் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வது) போட்டிருந்தால் முன்கூட்டிக் கட்டலாமா? இரண்டு தடவை பணம் போய்விடாதா?

கணக்குப்பிள்ளை:
பில் போடும் முன் கட்டினால் பயமில்லை. பில்லே குறைவாக வரும், அந்த மிச்சத்தை மட்டும் ஆட்டோ டெபிட் எடுத்துக்கொள்ளும். பில் வந்த பிறகு, கடைசித் தேதிக்கு முந்தின நாள் கையால் கட்டினால்தான் இரண்டு தடவை போக வாய்ப்பு. போனாலும் அது கார்டில் வரவாக நிற்கும். திரும்ப வேண்டுமென்றால் கஸ்டமர் கேருக்குச் சொல்லிக் கணக்குக்கு மாற்றச் சொல்லலாம்.