இரண்டு மாத நாய்க்குட்டி: ராத்திரி வீட்டுக்குள்ளா, வெளியிலா?

கேள்வி

எட்டு வாரக் குட்டி, கலப்பினம், எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. முதல் தடுப்பூசி மட்டும் போட்டாயிற்று. வளர்ந்த பிறகு வீட்டுக் காவலுக்கும் இருக்கட்டும் என்று நினைக்கிறோம். "முதல் நாளிலிருந்தே வெளியில் படுத்தால்தான் பழகும், உள்ளே சேர்த்தால் குரைக்கவே குரைக்காது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெளியே என்றால் கூரை போட்ட வராந்தா. மூன்று பக்கமும் திறப்பு, கேட் கம்பிகளுக்கு நடுவே அரையடி இடைவெளி. உள்ளே என்றால் படுக்கையறை, இல்லாவிட்டால் குளியலறை. எங்கே படுக்க வைப்பது? உள்ளே என்றால் எத்தனை மாதம்?

பதில் 1

உள்ளேதான். இந்த வயதில் இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

முக்கியமான காரணம் தடுப்பூசி. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி 6 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள் மெல்லத் தீர்ந்துபோகும். அது மிச்சம் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16 வாரம் ஆன பிறகு வருமாறு பார்த்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் வரவைத்து உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேறு நாயின் மலம் பட்ட செருப்பு போதும், வராந்தாவரை வந்துவிடும். ராத்திரி எலி நடமாடும் இடமென்றால் அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சலும் வரும்.

அடுத்தது உடல் சூடு. சின்ன உடம்பில் கொழுப்பும் தசையும் குறைவு, வெப்பம் சீக்கிரம் வெளியேறிவிடும். கூடப்பிறந்தவற்றோடு ஒட்டிப் படுத்துப் பழகிய குட்டி, தனியாகச் சிமெண்ட் தரையில் படுத்தால், நமக்குக் குளிர் தெரியாத ராத்திரியில்கூட நடுங்கும். தரை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். குளியலறையும் இதனாலேயே வேண்டாம். வழுக்குகிற தரை, சோப்பு, பினாயில் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அரையடி இடைவெளியில் மூன்று கிலோ குட்டி தாராளமாக வெளியே போய்விடும்.

பதில் 2

வெளியில் வளரும் நாய்கள் எத்தனையோ நன்றாகவே இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். வெளியில் படுப்பது கொடுமை ஒன்றும் இல்லை. கேட் இடைவெளிக்கு வலை அடித்து, மழைச்சாரல் படாத மூலையில் மரப்பலகை போட்டு, ராத்திரி மட்டும் நீளமான கயிற்றில் கட்டினால் போதாதா?

பதில் 1

வளர்ந்த நாய்க்கு வெளியில் படுப்பது சரிதான், அதில் நமக்குள் பேதம் இல்லை. வலையும் நல்ல யோசனை. ஆனால் கயிறு கூடவே கூடாது. குட்டி தூக்கத்தில் புரளும், சுற்றும். நீளமான கயிறுதான் கழுத்திலும் காலிலும் அதிகம் சிக்கும். சிதறிய சாப்பாட்டுக்கு எறும்பு மொய்த்தாலோ வேறு நாய் உள்ளே வந்தாலோ கட்டிய குட்டியால் ஓட முடியாது. உண்ணி, தெள்ளு சேர்ந்தால் இந்த எடையில் ரத்தசோகை வெகு சீக்கிரம் வரும். பெரிய நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைக் குறைத்துப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். வயதும் எடையும் பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும்.

பதில் 3

உள்ளே என்று முடிவானால், வீடு முழுக்கத் திறந்துவிடுவது என்று பொருள் இல்லை. அங்கேதான் பலருக்கும் கோளாறு ஆகிறது. ஒயரைக் கடிக்கும், மூலைக்கு மூலை நனைக்கும், கடைசியில் எல்லோரும் அலுத்துப்போய் வெளியே தள்ளிவிடுவார்கள்.

கம்பிக் கூண்டு ஒன்று போதும். குட்டி தலை இடிக்காமல் நிற்க, முழுசாகத் திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் சரி. அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒரு பக்கம் நனைத்துவிட்டு மறுபக்கம் படுத்துக்கொள்ளும், பழக்கம் வராது. வளர்ந்த பின்னும் ஆகட்டும் என்று பெரிய கூண்டு வாங்கினால் நடுவே தடுப்புப் பலகை வைத்து, வளர வளர நகர்த்துங்கள். கீழே பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போடுங்கள். நூல் பிரியும் துணியும் பஞ்சு மெத்தையும் வேண்டாம், கடித்து விழுங்கினால் குடலில் அடைக்கும். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டி இறுக்கும்.

கூண்டை உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள். ஆள் வாசனையும் மூச்சுச் சத்தமும் கிடைத்தால் அழுகை பாதியாகிவிடும். கட்டிலின் மேல் மட்டும் வேண்டாம். குதித்தால் எலும்பு முறியும். குடற்புழு நீக்கம் முடியாத குட்டியோடு குழந்தைகள் படுப்பதும் நல்லதில்லை.

கடைசிச் சாப்பாடு தூங்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்னால். தண்ணீர்க் கிண்ணத்தைப் படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் எடுக்கலாம், புழுக்கமான ராத்திரியில் எடுக்காதீர்கள். சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை மணி நேரம். இரண்டு மாதத்துக்கு மூன்று மணி. ஆகவே அது அழும்வரை காத்திருக்காமல் ராத்திரியில் ஒருமுறையோ இரண்டுமுறையோ அலாரம் வைத்து எழுந்திருங்கள். ஊசி முடியாததால், வேறு நாய்கள் வராத, எப்போதும் அதே ஓர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்கவிட்டால் வழியிலேயே போய்விடும்.

கேட்டவர்

கூண்டில்தான் படுக்கிறது, ரொம்ப நன்றி. இரண்டு சிக்கல். நடுராத்திரி வெளியே கொண்டுபோனால் சும்மா மோந்து பார்க்கிறது, திரும்ப உள்ளே விட்டதும் நனைத்துவிடுகிறது. வேண்டுமென்றே செய்கிறதா? விடியும் முன் அழுதால் தூக்கலாமா, விட்டுவிடலாமா? காவல் பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பதில் 3

வேண்டுமென்று செய்ய அதற்குத் தெரியாது. வெளியே புது வாசனையில் கவனம் போய்விடுகிறது, உள்ளே வந்து உடம்பு தளர்ந்ததும் வந்துவிடுகிறது. லீஷ் மாட்டி, ஒரே இடத்தில் நின்று, ஐந்து முதல் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். போனதும் அதே நொடியில் தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று புரியாது. போகவில்லையா, கூண்டில் விட்டு அதன் பக்கத்திலேயே இருந்து, பத்து நிமிடத்தில் மறுபடி தூக்குங்கள். விளக்கு மங்கலாக இருக்கட்டும், விளையாட்டு வேண்டாம். நனைத்த இடத்தை என்சைம் கலந்த கழுவும் திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா உள்ளது சிறுநீர் வாடையையே நினைவூட்டும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

தூங்கி எழுந்ததும் வரும் அழுகை பெரும்பாலும் சிறுநீருக்குத்தான், தூக்குங்கள். போய்விட்டு வந்த பிறகும் முனகினால் கூண்டுக் கம்பியில் விரலை வைத்து அமைதியாக இருங்கள், வெளியே எடுக்க வேண்டாம். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பார்வோவில் மணிக்கணக்கே உயிரைத் தீர்மானிக்கும்.

பதில் 1

காவல் பற்றி: உள்ளே படுத்தால் குரைக்காது என்பது தவறு. எல்லை காக்கும் குணம் இனத்தையும் முதிர்ச்சியையும் பொறுத்தது, ஒரு வயதை ஒட்டித்தான் தெளிவாகத் தெரியும். குட்டி மனிதர்களையும் சத்தங்களையும் பழகிக்கொள்ளும் காலம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம். இந்த நேரத்தில் ராத்திரி முழுக்கத் தனியாகப் பயந்து கிடந்தால், பிற்பாடு இலை அசைந்தாலும் குரைக்கும் நாயாகலாம். அது காவலுக்கு உதவாது.

வெளியே மாற்றுவதைக் குறைந்தது ஆறு மாதத்துக்குப் பிறகு யோசியுங்கள். எல்லா ஊசியும் முடிந்திருக்க வேண்டும், ராத்திரி முழுக்க அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதலில் பகல் தூக்கத்தை அங்கே பழக்கி, சாப்பாட்டையும் அங்கேயே வைத்து, பிறகு ராத்திரி. அங்கே அது படுக்க வைக்கும் பெட்டி மரத்தில் இருக்கட்டும், தகரம் வெயிலில் கொதிக்கும். தரையிலிருந்து அரையடி உயரம், கூரை பின்பக்கம் சரிவு, வாசல் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக. அப்போதுதான் சாரலும் காற்றும் நேராகப் படுக்கைமேல் அடிக்காது. வராந்தாவின் மூன்று திறப்புகளில் இரண்டையாவது அடைத்து, கேட்டின் கீழ்ப் பாதிக்கு வலை அடித்த பிறகே நாயை அங்கே விடுங்கள்.