தரமணிக்குப் போறதா, கேத்தியிலயே கேமரா தூக்குறதா?

கேத்திப் பொண்ணு: ஊட்டி பக்கத்துல கேத்திதான் நம்ம ஊரு. ப்ளஸ் டூ முடிச்சாச்சு. ஒளிப்பதிவு படிக்கணும்னு ஆசை. சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடட்டுமான்னு கேட்டா, "ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகுற காசுல கேமரா வாங்கித் தர்றேன், இங்கயே எடு"ங்கிறார் அப்பா. என்ன பண்ணட்டும்? போன மாசம் எடுத்த குறும்படத்தைக் கீழே போட்டிருக்கேன்.

ஜீப்காரன்: அப்பா சொல்றதுதான் சரிங்க. இருபது வருசமா ஊட்டியில ஷூட்டிங் யூனிட்டுக்கு ஜீப் ஓட்டுறேன். சர்டிபிகேட் பார்த்து யாரும் வேலை தந்து நான் பார்த்ததில்ல. மணிரத்னம் எம்.பி.ஏ. படிச்சவர், எந்த சினிமாப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்?

பழைய மாணவன்: இந்தச் சண்டையில முதல்ல அவர் பேருதான் வரும்! அண்ணா, அவருக்கு 'மௌன ராகம்' எடுத்துக் கொடுத்த கேமராமேன் பி.சி.ஸ்ரீராம் எங்க தரமணி இன்ஸ்டிட்யூட்ல படிச்சவர். 'மூன்றாம் பிறை' கடைசி சீன்ல உங்க கேத்தி ஸ்டேஷனை ஊரெல்லாம் அழ அழப் பார்க்க வெச்ச பாலு மகேந்திரா, புனேயில ஒளிப்பதிவு படிச்சவர். அந்தப் பட ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதே வாங்கினார்.

கேத்திப் பொண்ணு, உங்க படம் பார்த்தேன். பனிமூட்டம் பூரா சாம்பலா இருக்கு. எக்ஸ்போஷரை (எவ்வளவு வெளிச்சம் உள்ள விடணுங்கிறதை) ஆட்டோவுல விட்டுட்டீங்க இல்ல? கேமராவுல வெளிச்சத்தை அளக்குற மீட்டருக்கு வெள்ளைன்னு ஒண்ணு கிடையாது, எதையும் நடுச் சாம்பலாக்கிடும். மூட்டத்துல ஒரு ஸ்டாப்பாவது, அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்காவது, கூட்டணும்.

ஜீப்காரன்: இதை யூடியூப்ல பத்து நிமிசத்துல கத்துக்கலாமே?

பழைய மாணவன்: தப்புன்னு தெரிஞ்சாத்தானே தேடுவாங்க. அவங்க அதை அழகுன்னுல்ல நினைச்சுட்டிருக்காங்க.

இந்துநகர்: எங்கப்பா ஊட்டி இந்து பிலிம் ஃபேக்டரியில (பிலிம் சுருள் செஞ்ச ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) இருந்தவர். அந்தக் காலத்துல ஒரு பிலிம் ரோல் வீணானா காசு போச்சு. தப்புப் பண்ணிப் பழக இன்ஸ்டிட்யூட்தான் கதி. இப்ப மெமரி கார்டை அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம். பாதிக் காரணம் அங்கயே போயிடுச்சு.

பழைய மாணவன்: மீதிப் பாதி கூட்டாளிங்க. 1986ல 'ஊமை விழிகள்' எடுத்தது இன்ஸ்டிட்யூட் பசங்க சேர்ந்து. கேத்தியில சவுண்டுக்கு யாரு, எடிட்டிங்குக்கு யாரு?

கேத்திப் பொண்ணு: சவுண்டுக்குத்தான் ஆளே இல்ல, மூணு சீன்ல வெறும் காத்துச் சத்தம். (சாம்பல் விசயம் வலிக்குது, ஆனா நிஜம்.) ஜீப் அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நான் நாளைக்கே யூனிட்ல வந்து நின்னா சேர்த்துக்குவாங்களா? இருபது வருசத்துல கேமரா டிபார்ட்மென்ட்ல எத்தனை பொண்ணுங்களைப் பார்த்திருக்கீங்க?

ஜீப்காரன்: மேக்கப், காஸ்ட்யூம்ல நிறையப் பேரு.

கேத்திப் பொண்ணு: கேமராவுலங்கண்ணா.

ஜீப்காரன்: ரெண்டு பேரு. யோசிச்சுப் பார்த்தா ரெண்டு பேருமே படிச்சுட்டு வந்தவங்க. சரி, விண்ணப்பத்தைப் போடும்மா. லீவுக்கு வந்தா சொல்லு, ஃபோகஸ் புல்லர் (கேமராவுல ஃபோகஸ் பார்த்துக்குற அசிஸ்டென்ட்) ஒருத்தர்கிட்டச் சொல்லி நிக்க வைக்கிறேன். காலையில நாலரைக்கு ஜீப் கிளம்பிடும், ஸ்வெட்டர் போட்டுட்டு வா.

இந்துநகர்: அண்ணன் கட்சி மாறிட்டார். நான் மாறலைங்க.