வேட்டல்னா வேட்டையா, யாகமா, ஆசையா? குழம்பிட்டேன்

படிப்பாளி:
259-வது குறள் படிச்சேன். "அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று". வேட்டல்னா வேட்டைதான்னு நினைச்சு, ஆயிரம் வேட்டைக்குப் போறத விட ஒரு உயிரக் கொல்லாம இருக்கறது மேல்னு பொருள் எடுத்துக்கிட்டேன், ஆனா அவி (தீயில இடற நெய் மாதிரி படையல்) எதுக்கு சொரியணும்னு இடிச்சுது, உரையப் பாத்தா தீ வளத்து செய்ற யாகமாம்! சரின்னு விட்டா 1105-ல "வேட்ட பொழுதின் அவையவை போலுமே"ன்னு வருது, அங்க வேட்டன்னா ஆசைப்பட்டன்னு போட்டிருக்கு. ஒரே சொல்லு எப்படி தீ பக்கமும் போகுது காதல் பக்கமும் போகுது?

ஒற்றெழுத்து:
ரெண்டும் வேள்-ங்கற ஒரே வினைதான். கேள், கேட்டான், கேள்வி மாதிரியே வேள், வேட்டான், வேள்வி. வேட்கையும் அதே வீடுதான், வேள் கூட கை சேந்தா ள் ட் ஆயிடும். அகராதியப் புரட்டினா இந்த வேளுக்கு விரும்பு, கல்யாணம் பண்ணு, யாகம் செய்னு மூணு பொருளும் பக்கத்து பக்கத்துலயே இருக்கும். இப்ப நாம சுதந்திர வேட்கைன்னு மேடையில மட்டும்தான் சொல்றோம், நீர்வேட்கைன்னா சாதாரண தண்ணி தாகம்தான்.

சும்மா_வந்தேன்:
வேகுறது, வெந்து போறது, அதுலருந்துதானே வேட்கை வந்துச்சு? ஆசைன்னா உள்ள வேகும்ல 😄

ஒற்றெழுத்து:
கேக்க நல்லாருக்கு, ஆனா அது வேற வினைங்க. வே-ன்னா இறந்தகாலம் வெந்தான், வேள்-னா வேட்டான். சூடும் ஆசையும் நெஜமாவே ஒரே சொல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கறது வேணும்னா வெம்மையப் பாருங்க. தொல்காப்பியம் உரியியல்ல "வெம்மை வேண்டல்"னு ரெண்டே சொல்லுல ஒரு நூற்பா இருக்கு, வெம்மைன்னா விருப்பம்னும் பொருள், அவ்ளோதான், மேல விளக்கம் கிடையாது. அகநானூறு 15-ம் பாட்டு "எம்வெங் காமம்"னுதான் ஆரம்பிக்குது. வெந்நீர்ல இருக்கற அதே வெம்தான் அங்க காமத்துக்கு முன்னாடி நிக்குது.

படிப்பாளி:
ஓ அப்ப நான் தேடின நெருப்பு வேட்கையில இல்ல, வெம்மையில இருந்திருக்கு. 1105-க்கு முந்தின குறளே தீயப் பத்திதான்னு இப்பத்தான் கவனிச்சேன், விலகிப்போனா சுடுது கிட்ட வந்தா குளிருது, இப்படி ஒரு தீய இவ எங்க வாங்கினான்னு கேக்கறான். எல்லாத் தீக்கும் நேர்மாறு!

பழைய_பேப்பர்:
லேட்டா வரேன். வேள்-னு பெயர்ச்சொல்லும் இருக்கே, அத விட்டுட்டீங்க. செவ்வேள்னா முருகன், கருவேள்னா மன்மதன். சிவனோட நெத்திக்கண் நெருப்பு ஒரு வேளை எரிச்சுது, அதே கண்ணுலருந்து வந்த ஆறு பொறிதான் இன்னொரு வேள் 🔥 (வேளைன்னா நேரம் இல்லப்பா, வேள் கூட ஐ)

சும்மா_வந்தேன்:
அந்த பிராக்கெட் இல்லன்னா நான் கண்டிப்பா ஒருவேளைன்னுதான் படிச்சிருப்பேன்