லாக்டவுனில் மதுரைக்காரன் பத்துக் கிலோ கூடினானாம்! எந்தக் கடைப் பரோட்டாவில்?

தெப்பக்குளம்_வாக்கர்: சென்னையில் ஜிம் வைத்திருக்கும் ஒருத்தர் வீடியோ போட்டிருக்கிறார். லாக்டவுன் முடிந்து பார்த்தால் மதுரைக்காரர்கள் ஆளுக்குப் பத்துக் கிலோ கூடியிருந்தார்களாம், எல்லாம் ராத்திரிப் பரோட்டா செய்த வேலையாம். சிரிப்பு வேறு. நான் கேட்பது ஒன்றுதான். 2020 ஏப்ரலில் மதுரையில் எந்தப் பரோட்டாக் கடை திறந்திருந்தது? தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மார்ச் 25ஆம் தேதி நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான். ஊரே வெலவெலத்துப் போய்க் கிடந்தது. ஏப்ரல் 5லிருந்து மளிகைக் கடைக்கே பகல் ஒரு மணி வரைதான் அனுமதி. இதில் ராத்திரிப் பரோட்டாவாம்!

செல்லூர்_மாப்ள: அண்ணே, பார்சலுக்குத் தடை இல்லையே. உட்கார்ந்து சாப்பிடத்தான் தடை.

தெப்பக்குளம்_வாக்கர்: உத்தரவில் பார்சல் இருந்தது தம்பி. கல்லில் பரோட்டா இருந்ததா? மாஸ்டர் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மாவை யார் அடித்தது, நீயா?

செல்லூர்_மாப்ள: எங்கள் தெருவில் அடித்தார்கள். நான் வாங்கித் தின்றேன்.

தெப்பக்குளம்_வாக்கர்: கடை பேரைச் சொல்.

செல்லூர்_மாப்ள: எதற்கு, இப்போது போய் புகார் கொடுக்கவா?

கோரிப்பாளையம்_சிஸ்டர்: எடை கூடுவது என்று எதைச் சொல்கிறீர்கள் என முதலில் பேசிக்கொள்ளலாமா? ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். பத்துக் கிலோ என்றால் 77,000. மார்ச் 25லிருந்து மே 31 வரை 68 நாள். தினமும் ஆயிரத்து நூறு கலோரிக்கு மேல் உபரியாகத் தின்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் 269 பேரின் வீட்டு எடைமெஷின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வில், அடைந்து கிடந்த காலத்தில் பத்து நாளுக்குக் கால் கிலோ சொச்சம்தான் கூடியது. அப்புறம், நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 23லேயே அதிக எடை, 25 வந்தால் உடல்பருமன். இரண்டு கிலோ கூடினாலே சிலர் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். பத்து தேவையே இல்லை.

செல்லூர்_மாப்ள: ஆயிரத்து நூறு கலோரி என்றால் நாலு பரோட்டா. மதுரைக்காரனுக்கு இது ஒரு கணக்கா சிஸ்டர்?

தெப்பக்குளம்_வாக்கர்: அந்த நாலு எந்தக் கடையில் என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன்.

அரசரடி_அங்கிள்: வாக்கர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் ஜிகர்தண்டா பேச்சிலும் கடை பேரைக் கேட்டே எல்லாரையும் விரட்டினார். சரி, நான் அரசாங்கக் கணக்கே தருகிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. லாக்டவுன் செய்த வேலை இல்லாமல் வேறு என்ன?

தெப்பக்குளம்_வாக்கர்: அங்கிள் பாதியைப் படித்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். அந்தக் கணக்கெடுப்பு நம் மாநிலத்தில் இரண்டு தவணையாக நடந்தது. முதல் தவணை 2020 ஜனவரியில் தொடங்கி மார்ச் 21இல் நின்றது. அதாவது லாக்டவுனுக்கு முன்னாலேயே ஒரு பங்கு ஆட்களை எடை பார்த்து முடித்துவிட்டார்கள். மிச்சம்தான் டிசம்பரிலிருந்து. நடுவில் ஓடியது ஐந்து வருஷம். பைக், செல்போன், பேக்கரி எல்லாம் சேர்ந்து ஏற்றிய எடையை 68 நாள் தலையில் கட்டுகிறீர்கள். ஜிகர்தண்டா விஷயத்திலும் இப்படித்தான் கட்டினீர்கள்.

அரசரடி_அங்கிள்: ஜிகர்தண்டாவில் நான் சொன்னதுதான் சரி. அதை இன்னும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

மேலூர்_சம்சாரி: டவுன்காரர்களுக்குப் பரோட்டாவை விட்டால் உலகமே இல்லை. மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். மார்க்கெட் ஓட்டம் குறைந்ததும் கூலி நின்றது. ரேஷனில் ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் வந்தது, உண்மைதான். அரிசி வந்தால் போதுமா? கறி, முட்டை, காய் எதை வைத்து வாங்குவது? அவர்கள் இளைத்துப் போனதை என் கண்ணால் பார்த்தேன். இதை எந்த ஜிம்காரர் வந்து எடை பார்த்தார்?

தெப்பக்குளம்_வாக்கர்: சம்சாரி சொல்வது என் பக்கம்தான்.

மேலூர்_சம்சாரி: நான் யார் பக்கமும் இல்லை. உங்களுக்கும் பரோட்டாதான் கவலை.

வில்லாபுரம்_ராணி: பிள்ளைகளைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, காலையிலிருந்து செல்போனில் பாடம். என் மகனுக்குச் சீருடை கால்சட்டை ஏறவே இல்லை. அமெரிக்காவில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்ததில், பிஎம்ஐ ஏறும் வேகம் முன்னைவிட ஏறக்குறைய இரட்டிப்பானது. இதற்கு எந்தப் பரோட்டாக் கடை திறந்திருக்க வேண்டும் அண்ணே?

செல்லூர்_மாப்ள: அக்கா, வீட்டில் நீங்கள் சும்மா இருந்தீர்களா? யூடியூபைப் பார்த்துக் கேக்கும் பானிபூரியும் போட்டுக் கொடுத்துவிட்டு இப்போது செல்போனைத் திட்டுகிறீர்கள்.

வில்லாபுரம்_ராணி: போட்டேன், நீயும் உன் வீட்டில் தின்றிருப்பாய். ஒரு நாளாவது பாத்திரம் கழுவினாயா? மூன்று வேளையும் வீட்டிலேயே உட்கார்ந்து நாலாவது வேளைக்கு என்ன என்று கேட்ட ஆண்பிள்ளைகள்தானே நீங்கள்.

தெப்பக்குளம்_வாக்கர்: பேச்சு திசை மாறுகிறது. அந்த வருஷம் மீனாட்சி கல்யாணத்தையே மே 4ஆம் தேதி செல்போனில்தான் பார்த்தோம். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அன்னதானம் இல்லை, கிடாவெட்டு இல்லை, கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான். ஜூன் 24லிருந்து மதுரைக்குத் திரும்பவும் முழு ஊரடங்கு. நியாயமாகப் பார்த்தால் நாம் இளைத்திருக்க வேண்டும். சரி, அந்த ஜிம்காரர் எங்கே நின்று எடை பார்த்தார்? ஆகஸ்ட் 10 வரை அவர் ஜிம்மே பூட்டிக் கிடந்ததே!

செல்லூர்_மாப்ள: அண்ணே, 2021 மே மாதத்தை மறந்துவிட்டீர்கள். அந்த லாக்டவுனில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை பார்சல் உண்டு. ராத்திரிப் பரோட்டா வந்துவிட்டதா?

தெப்பக்குளம்_வாக்கர்: நான் 2020ஐப் பற்றிப் பேசுகிறேன்.

செல்லூர்_மாப்ள: வீடியோவில் வருஷம் சொல்லவே இல்லை. நீங்களாக 2020 என்று வைத்துக்கொண்டீர்கள்.

தெப்பக்குளம்_வாக்கர்: லாக்டவுன் என்றால் 2020தான். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள்.

கோரிப்பாளையம்_சிஸ்டர்: நான் போட்ட கணக்கை ஒருத்தராவது படித்தீர்களா?

அரசரடி_அங்கிள்: படித்தேன் சிஸ்டர். பிஎம்ஐ வெள்ளைக்காரன் கணக்கு, நமக்கு ஒத்துவராது.

கோரிப்பாளையம்_சிஸ்டர்: அதனால்தான் சார் ஆசியாவுக்குத் தனியாக 23 என்று எழுதினேன்.

அரசரடி_அங்கிள்: அதுவும் வெள்ளைக்காரன் வைத்ததுதானே. வாக்கருக்கு ஒரு கேள்வி. தெப்பக்குளத்தைத் தினமும் சுற்றுகிறேன் என்று பேர் வைத்திருக்கிறீர்களே, உங்கள் எடை என்ன கூடியது?

தெப்பக்குளம்_வாக்கர்: அது இங்கே தேவையில்லாத கேள்வி.

அரசரடி_அங்கிள்: ஆகா.

தெப்பக்குளம்_வாக்கர்: ஆகாவெல்லாம் வேண்டாம். நீங்கள் ரேஸ்கோர்ஸில் நடக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு சுற்று, அரைமணி நேரம் பெஞ்சு, போகிற வழியில் வடை.

அரசரடி_அங்கிள்: ரேஸ்கோர்ஸில் வடை எங்கே விற்கிறது? கடை பேரைச் சொல்லுங்கள்.

செல்லூர்_மாப்ள: வாசலுக்கு எதிரே தள்ளுவண்டி இருக்கிறது அங்கிள். உங்களை அங்கே பார்த்திருக்கிறேன்.

அரசரடி_அங்கிள்: அது நான் இல்லை.