மொசரெல்லா ஸ்டிக் பொரிக்கும்போது வெடிக்கிறது, உதவி தேவை

யாழ்ப்பாணம், திருநெல்வேலியில் இருந்து எழுதுகிறேன். கொழும்பில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட மொசரெல்லா ஸ்டிக்கை வீட்டில் செய்யப் பார்க்கிறேன். மேலே மொறுமொறுப்பு, பிய்த்தால் உள்ளே சீஸ் நூலாக இழுபடும். பிள்ளைகளுக்கு அதில் உயிர். எனக்கோ பாண் தூள் பொன்னிறமாகும் முன்பே சீஸ் எண்ணெயில் ஓடிவிடுகிறது, தாச்சியில் வெறும் கோதுதான் மிஞ்சுகிறது.

தை மாதம் முதல் இதே கதைதான். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லாவை விட்டுவிட்டேன், அதன் ஈரம் ஆவியாகி உறையைக் கிழித்துவிடும். இப்போது வாங்குவது ஈரம் குறைந்த கட்டி. விரல் தடிப்பில் வெட்டி, கோதுமை மா, முட்டை, பாண் தூள், திரும்பவும் முட்டை, பாண் தூள். அப்புறம் இரவு முழுக்க பிரீசரில். காஸ் அடுப்பு, தேங்காய் எண்ணெய், வெப்பமானியில் 180 பாகை. ஒரு நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் போடுவதில்லை. ரஸ்க் தூளிலும் பார்த்தாயிற்று, அதே நிலைதான்.

வெடிப்பது எப்போதும் வெட்டிய இரண்டு நுனிகளில்தான். அங்கே சின்ன வெள்ளைக் குமிழ் ஒன்று எழும்பும், அடுத்த நொடி எண்ணெய் சீறும். பக்கங்கள் நன்றாகவே நிற்கின்றன. பதப்படுத்திய சீஸ் வெடிக்கவில்லை, ஆனால் களி மாதிரி இருக்கிறது, இழுபடவே இல்லை.

வீட்டில் இதை வெடிக்காமல் பொரித்தவர்கள் சொல்லுங்கள்: அந்த நுனிகளை எப்படி மூடுகிறீர்கள்?