தோப்பு வீட்டுக்குப் பழைய நாலரை அடி லேத்: எதைப் பார்த்து வாங்குவது?

தோப்புக்காரன் (ஆனைமலை):
வணக்கமுங்க. மோட்டார் ரூமை ஒட்டி ஒரு ஷெட் சும்மா கிடக்கிறது. அதில் லேத் (இரும்பைச் சுழற்றி உளியால் கடையும் மெஷின்) ஒன்று போடலாம் என்று ஆசை. தொழிலுக்கு இல்லை. கலப்பைக்கு ஒரு புஷ் (அச்சு நுழையும் உலோகக் குழல்), புல்லிக்குத் துளை என்று எதற்கெடுத்தாலும் பொள்ளாச்சிப் பட்டறையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மிச்ச நேரத்தில் சின்ன நீராவி எஞ்சின் மாடல் செய்து பார்க்கணும்.

கோவையில் மூடிவிட்ட ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் நாலரை அடி பெல்ட் லேத் பார்த்தேன். பச்சை பெயிண்ட், பளபளவென்று இருக்கிறது. த்ரீ ஜா சக் (வெட்டும் இரும்பைப் பிடிக்கும் மூணு தாடைப் பிடிப்பான்), 1 எச்பி த்ரீ பேஸ் மோட்டார். 75,000 சொல்கிறார். தோட்டத்தில் த்ரீ பேஸ் உண்டு, ஆனால் அது இலவச விவசாய இணைப்பு, லேத்தை மாட்டக் கூடாது. வீட்டில் சிங்கிள் பேஸ்தான். வாங்கலாமா?

மாடிப் பட்டறை (திருப்பூர்):
புது மினி லேத் பாருங்களேன். 40 கிலோ சுமார்தான், ரெண்டு பேர் தூக்கி மேஜையில் வைத்துவிடலாம், சிங்கிள் பேஸிலேயே ஓடும். என்னிடம் அதுதான் இருக்கிறது. பித்தளை, அலுமினியம் எல்லாம் அழகாக வரும். இரும்பு என்றால் மெல்லிசாகத்தான் வெட்ட வேண்டும்.

கணபதி டர்னர்:
மாடிவீட்டுக்கு அது சரி. கலப்பை புஷ், புல்லி என்று சொல்கிற ஆளுக்குப் பத்தாதுங்க.

தம்பி, பெயிண்ட்டைப் பார்த்து லேத் வாங்காதீங்க. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பம்பு ஷாஃப்ட் டர்னிங் போட்டே தலை நரைத்தவன் சொல்கிறேன். ஜாப் ஒர்க் லேத் என்றால் ஒரே ஜாப்பை வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். உளியைத் தாங்கி நகரும் கேரேஜ் போய்ப் போய் வந்ததெல்லாம் சக்கை ஒட்டிய ஓரடிக்குள்தான். கேரேஜ் ஓடும் தண்டவாளமான பெட் தேய்வதும் அங்கேதான். எதிர்முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக் பக்கம் புதுசு மாதிரியே இருக்கும், விற்கிறவர் அதைத்தான் துடைத்துக் காட்டுவார்.

கேரேஜைச் சக் பக்கம் கொண்டுபோய், அதன் லாக்கை லேசாக இறுக்குங்கள். கைச்சக்கரம் கொஞ்சம் கனத்தால் போதும். அப்படியே டெயில் ஸ்டாக் பக்கம் உருட்டுங்கள். பாதியில் பிடித்து நின்றுவிட்டால் பெட் போய்விட்டது என்று அர்த்தம். பெட்டின் முன்பக்க வி வடிவ மேட்டில் நகத்தை ஓட்டினாலும் தேய்ந்த இடம் முடிகிற இடத்தில் தட்டும். பெட்டைக் கிரைண்டிங் போட்டுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். போட்டால் கேரேஜ் இறங்கிவிடும், மரை வெட்டும்போது கேரேஜை இழுக்கும் லீடு ஸ்க்ரூவையும் அதற்குத் தக்கபடி மறுபடி சேர்த்துக் கட்டணும். வீட்டு வேலைக்குக் கட்டுப்படியாகாது.

அப்புறம் ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் அச்சு. ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜை சக் மேல் வைத்துப் பார்த்து முகம் சுளிக்காதீங்க, பழைய த்ரீ ஜா சக் 0.1 மில்லி ஆடுவது சாதாரணம். சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டில் மூக்கில் வையுங்கள். 0.01, 0.02-க்குள் இருந்தால் நல்ல சரக்கு. பிறகு சக்கை மாட்டி, நீள ராடு ஒன்றைப் பிடித்துக் கையால் நெம்பித் தூக்குங்கள். முள் 0.05 வரை நகர்ந்தால் பேரிங் லூஸ். இந்த ரக லேத்தில் பேரிங் பெரும்பாலும் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், இறுக்கிக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

கரண்ட் இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ஓடினால், 40 மில்லி ராடைச் சக்கில் பிடித்து 120 மில்லி வெளியே நீட்டி, டெயில் ஸ்டாக் இல்லாமல், ரெண்டு முனையிலும் ஒரு பட்டை மட்டும் ஒரே கட்டில் வெட்டி மைக்ரோமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 0.02 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கூட இருந்தாலும் உடனே பெட் மேல் பழி போடாதீங்க. தரை சமமில்லாமல் பெட் முறுக்கிக் கிடந்தாலும் இதே டேப்பர்தான் (ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து) வரும், காலடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் சரியாகிவிடும்.

உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று வெட்டியாகச் சுற்றுகிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு கன்மெட்டல் நட் செய்து போட்டால் தீர்ந்தது, கோவையில் அதற்கா பஞ்சம். ஆனால் மரை அளவை மாற்றும் பல் சக்கரங்களான சேஞ்ச் வீல் செட் முழுசாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஃபோர் ஜா சக்கும் கேளுங்கள்.

காயில் கடை (ஈரோடு):
கரண்ட் விஷயம் நான் சொல்கிறேன். சிங்கிள் பேஸ் உள்ளே வாங்கி த்ரீ பேஸ் வெளியே தரும் விஎஃப்டி ஒன்று போடுங்கள். அது தருவது 230 வோல்ட்தான். 1 எச்பி மோட்டார் பெரும்பாலும் 415-க்கு ஸ்டார் என்கிற இணைப்பில் கட்டியிருக்கும், டெர்மினல் பாக்ஸில் டெல்டா இணைப்பாக மாற்றினால் சரியாகிவிடும். ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மூணுதான் இருந்தால் மோட்டாரைப் பிரித்து மீதி மூணையும் வெளியே எடுத்துத் தரணும், சின்ன வேலைதான். வேகம் கூட்டலாம், குறைக்கலாம், ரிவர்ஸும் உண்டு.

தோப்புக்காரன்:
அண்ணா, போய்ப் பார்த்துட்டு வந்தேன். கேரேஜ் கடைசி ஓரடியில் மட்டும் கொஞ்சம் இறுகுது, நிற்கலை. ஸ்பிண்டில் தூக்கினால் 0.04. பட்டை டெஸ்டில் 0.03. சேஞ்ச் வீல் ஒரு சாக்கில் கிடந்தது, பெரிய வீலைக் காணோம். ஃபோர் ஜா இருக்கு. லீடு ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. 62,000-க்கு இறங்கி வந்துட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் எம்10, எம்12 (10, 12 மில்லி போல்ட்) மரைதான், வருமா?

கணபதி டர்னர்:
62,000-க்கு வாங்கிடுங்க. காணாமல் போனது 127 பல் வீலாகத்தான் இருக்கும். அது இல்லாமல் அங்குல லீடு ஸ்க்ரூவில் மில்லி மரை துல்லியமாக வராது. எம்10-க்கு 1.5 மில்லி பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), 30 பல் வீலுக்கு 127 பல் வீல் போட்டால் கச்சிதம். சாக்கில் இருக்கிற ஒரு வீலைக் கையில் எடுத்துக்கொண்டு கியர் வெட்டுகிற பட்டறைக்குப் போனால் அதே பல் அளவில் வெட்டித் தருவார்கள்.

மில்லி மரை போடும்போது கேரேஜை லீடு ஸ்க்ரூவோடு கோக்கும் ஹாஃப் நட்டைத் திறக்காதீங்க, ஒவ்வொரு முறையும் ரிவர்ஸில்தான் திரும்பி வரணும். ஈரோட்டு நண்பர் சொன்ன ரிவர்ஸில் ஒரு ஆபத்து உண்டு. உங்கள் லேத்தில் சக் மரையில் மாட்டுவது. ஓடிக்கொண்டிருக்கும்போது படக்கென்று ரிவர்ஸ் அடித்தால் சக் கழன்று பெட் மேல் விழும். விஎஃப்டியில் நிற்கிற நேரத்தை 4, 5 செகண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது கயிற்றை லீடு ஸ்க்ரூவில் கட்டவிடாதீங்க, பெட்டுக்கு அடியில் போடச் சொல்லுங்கள். சக் இருக்கிற தலைப்பக்கம் கனம், அந்தப் பக்கம் சாயும். வீட்டில் ஓட்டும்போது வேட்டி, துண்டு, கையுறை எதுவும் வேண்டாம்.