அகதீசியாவுக்கு 'இருப்புக்கொள்ளாமை' போதுமே

> அகதீசியா – ஓய்வின்மை. மனநல மருந்தால வர்றதுதானே, 'மருந்துப் பதற்றம்'னும் வைக்கலாமோ?

உங்க மனநலக் கலைச்சொல் பட்டியலுக்கு இந்த ரெண்டுமே வேணாம் அண்ணா. அகதீசியான்னா, பெரும்பாலும் மருந்தால, உள்ளுக்குள்ள தவிப்பு வந்து ஒரு எடத்துல உட்கார முடியாமப் போறது. ஓய்வின்மைன்னா லீவு கிடைக்காதவன் ஞாபகம்தான் வருது. பதற்றம் அதைவிட மோசம், ஏன்னா இந்த விஷயத்துல நடக்கிற பெரிய தப்பே இதைப் பதற்றம்னு எடுத்துக்கிறதுதான்.

எங்க மாமாவுக்கு ஹாலோபெரிடால்ங்கிற மனநோய் மருந்து ஆரம்பிச்ச நாலாவது நாள்லருந்து பாத்தேன். இட்லித் தட்டு முன்னாடி உட்காருவார், ரெண்டு வாய் வைக்கிறதுக்குள்ள எந்திரிச்சு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார், தட்டைக் கையில ஏந்திகிட்டே நடந்து சாப்பிட்ட நாளும் உண்டு, ரேஷன் கடை வரிசைல நின்னா கால் மாத்திக் கால் மாத்தி மிதிச்சுகிட்டே இருப்பார். நோய் முத்திருச்சுன்னு வீட்ல பயம். டாக்டர்கிட்ட "ரொம்பப் பதட்டமா இருக்கார்"னு சொன்னோம், டோஸ் ஏறுச்சு, நடையும் ஏறுச்சு. அத்தை மட்டும் "மனுசனுக்கு ஒரு எடத்துல இருப்பே கொள்ளல"ன்னு சொல்லிகிட்டே இருந்தாங்க. அப்புறம் பாத்த வேற டாக்டர் அதைக் கேட்டதும் மாமாவை ரெண்டு நிமிசம் உட்கார வச்சு, ரெண்டு நிமிசம் நிக்க வச்சு காலையே பாத்தார், உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு கேட்டார் (அகதீசியாவை அளக்க 1989ல வந்த பார்ன்ஸ் அளவுகோல்ல இருக்கிற முறைதான்). டோஸைக் குறைச்சார், வீசிங் கிடையாதுல்லன்னு கேட்டுகிட்டு இந்தத் தவிப்பைக் குறைக்கிற ப்ராப்ரனலால் மாத்திரையும் எழுதினார். ஒரு வாரத்துல மாமா உட்கார்ந்து பேப்பர் படிச்சார்.

அத்தை சொன்னதுதான் கலைச்சொல். கிரேக்கத்துல கதீசிஸ்னா உட்கார்றது, முன்னாடி 'அ' போட்டா உட்கார முடியாமை. நம்ம 'இரு'வுக்கும் உட்கார்றதுன்னு பொருள் உண்டே, வீட்டுக்கு வந்தவங்களை "இருங்க"ன்னுதானே சொல்றோம். கிரேக்கத்தைப் பிச்சுப் பிச்சு மொழிபெயர்த்தாலும் இங்கதான் வந்து நிக்கும், ஆனா இது மொழிபெயர்ப்பு கிடையாது, ஏற்கெனவே ஊர்ல புழங்குற சொல்லு.

'மருந்து'ங்கிறதைச் சொல்லுக்குள்ளயே வைக்கவும் கூடாது. ப்ராக்ல ஹாஷ்கோவெட்ஸ்ங்கிற டாக்டர் 1901லயே இந்தப் பேரை வச்சுட்டார், முதல் ஆன்டிசைக்காடிக் (மனநோய் மருந்து) குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்ததே 1952லதான். வாந்திக்குக் குடுக்கிற மெட்டோகுளோப்ரமைடாலயும் இது வரும். தேவைப்பட்டா 'மருந்துசார் இருப்புக்கொள்ளாமை'ன்னு அடைமொழி சேத்துக்கலாம்.

> 'இருப்பு'ன்னா ஸ்டாக். 'கட்டுப்பாடற்ற அசைவு'ன்னு நேராவே சொல்லிடலாமே.

கையிருப்பு கொள்ளலன்னு எவனும் படிக்க மாட்டான் அண்ணா, விடுங்க. அசைவுங்கிறதுதான் சிக்கல். வாய், நாக்கு தானா அசையுற டார்டிவ் டிஸ்கினீசியா வேற, அது பெரும்பாலும் மாசக்கணக்குல வருஷக்கணக்குல மருந்து எடுத்த பிறகு வர்றது, அதுக்கு 'பிந்திய இச்சையில்லா அசைவு' மாதிரி ஏதாவது தனியாப் பேசலாம். அகதீசியால காலை ஆட்டுறது நோயாளியேதான், ஆட்டலன்னா உள்ள தாங்க முடியல, அதனால ஆட்டுறார். சிலருக்கு இது செத்துடலாம்னு தோணுற அளவுக்குப் போயிடும், அப்போ அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். அதுக்காக மாத்திரையைத் தானா நிறுத்திடவும் கூடாது, திடீர்னு நிறுத்தினாலும் இதே தொல்லை வரலாம், பழைய நோயும் திரும்பலாம்.

'இருப்புக்கொள்ளாமை' பரிட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவனுக்கும் வருமேன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா வீட்ல இருக்கிறவங்க வாயில அந்தச் சொல் வந்தா "எப்போலருந்து? மாத்திரை மாத்தின பிறகா?"ன்னு டாக்டர் அடுத்த கேள்வி கேக்க வழி இருக்கு, பதற்றம்னு வந்தா அந்தக் கேள்வியே வராமப் போயிடுது, எங்களுக்கு அதானே நடந்துச்சு.

இன்னொண்ணு, நோயாளி கையில குடுக்கிற அட்டைக்கு 'கண்காணிப்பு அட்டை'ன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. "என்னை யாரோ கண்காணிக்கிறாங்க"ங்கிறதுதானே பாதிப் பேருக்கு நோயே! எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு, குளோசபின்ங்கிற மருந்துன்னா முதல்ல வாராவாரம் ரத்த வெள்ளையணு, எல்லாம் குறிக்கிற அட்டைதானே அது. 'தொடர்சோதனை அட்டை'ன்னு மாத்திடுங்க, இதைவிட நல்லது தோணினா சொல்லுங்க. அதுல "ஒரு எடத்துல இருப்பு கொள்ளுதா?"ன்னு ஒரு வரியும் சேத்துடுங்க.